கவுன்சில் வரி பாக்கிக்கு பெய்லிஃப் கேட்கும் கட்டணத்தை மறுக்க முடியுமா?

இங்கிலாந்தில் கவுன்சில் வரி (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) பாக்கிக்கு நீதிமன்றம் பொறுப்பு ஆணை, அதாவது பாக்கியை நீங்கள் கட்டியாக வேண்டும் என்ற ஆணை, தந்தபின் வசூலுக்கு வருபவர் பெய்லிஃப். அவருடைய கூலியைப் பாக்கிதாரரே தர வேண்டும். அதனால்தான் சட்டம் அதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. 2014 விதிகள் வைத்த தொகை: கோப்பு கைக்கு வந்ததும் 75 பவுண்டு, வீட்டுக்கு வந்தால் 235, பொருளை எடுத்து விற்கும் கட்டத்துக்கு 110. பாக்கி 1,500ஐத் தாண்டினால், பின்னிரண்டு கட்டங்களிலும் மிகுதியில் 7.5 சதவீதம் கூடும். இன்றைய விகிதத்தைச் சரிபாருங்கள்.

தகராறு பெரும்பாலும் அந்த 235இல்தான். நோட்டீஸ் தந்து ஏழு முழு நாள் (ஞாயிறும் வங்கி விடுமுறையும் சேராது) கழியுமுன் வந்தாரா? ஒரே வருகையில் மூன்று ஆணைகளுக்கு மூன்று 235 கேட்டாரா? ஒரே நடையில் மூன்று சிலிண்டர் இறக்கிவிட்டு மூன்று நடைக்கூலி கேட்பது போன்றது அது. சேர்த்து நிறைவேற்றக்கூடிய ஆணைகளுக்கு இந்தக் கட்டணம் ஒருமுறைதான். 75 மட்டும் ஆணைக்கு ஆணை உண்டு.

கட்டணக் கணக்கையும் வருகைத் தேதிகளையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பிறகு கவுன்சிலுக்குப் புகார். அதற்கும் மசியாவிட்டால் உள்ளாட்சிக் குறைதீர்ப்பாளர். கட்டணம் சரியா என்று நீதிமன்றத்திடமும் மதிப்பீடு கேட்கலாம், ஆனால் தோற்றால் செலவு உங்கள் தலையில் விழலாம்.

வரியை நேராகக் கவுன்சிலுக்குக் கட்டினால் கட்டணம் மறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். முறைப்படி ஏறிய கட்டணம் அப்படியே நிற்கும்.