வீட்டுக்கு வரும் பராமரிப்பாளர்: அவர் யாருடைய ஊழியர்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், சாலாக் உத்தாரா, கோலகங்சார் வட்டாரங்களிலிருந்து வரும் கேள்விகளில் முதியோர் பராமரிப்பு பற்றியவை கூடிக்கொண்டே போகின்றன. பிள்ளைகள் கிள்ளான் பள்ளத்தாக்கிலோ ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருக்கிறார்கள். பெற்றோர் தோட்டத்தை ஒட்டிய தாமானை (குடியிருப்பை) விட்டு வர மனமில்லாமல் இருக்கிறார்கள். நடுவே ஆள் அனுப்பும் நிறுவனங்கள் வருகின்றன.

கேள்வி: அம்மாவுக்கு வயது 76. பக்கவாதம் வந்து வலது பக்கம் பலவீனம், பிடித்துக்கொண்டு நடப்பார். காலை 7 முதல் இரவு 7 வரை, வாரம் ஆறு நாள் ஆள் வேண்டும். ஒரு நிறுவனம் மாதம் 1,800 வெள்ளி கேட்கிறது, இன்னொன்று 4,200. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். 12 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 312 மணி நேரம். 1955 வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரமே வழக்கமான வேலை. மாதத்துக்குச் சுமார் 195 மணி. மீதி ஏறக்குறைய 117 மணி நேரம் மிகைநேரம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. அதை 26 நாளாலும் 8 மணியாலும் வகுத்தால் மணிக்கு 8.17, மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, 12.26. ஆக, மிகைநேரம் மட்டுமே 1,430 வெள்ளிக்கு மேல். முதலாளி செலுத்தும் சேமநிதி 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தாவையும் சேர்த்தால் 3,400 வெள்ளியைத் தொட்டுவிடும். நிறுவனத்தின் செலவும் லாபமும் இதற்கு மேல்தான்.

1,800 வெள்ளிக்கு அந்த நேரம் முழுவதும் ஆள் தருகிறேன் என்பவர், அந்தப் பெண்ணைத் தன் ஊழியராகப் பதிவு செய்திருக்க வாய்ப்பில்லை. ஆளைக் காட்டிவிட்டுத் தரகு எடுப்பவராக இருப்பார். அப்படியானால் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்த நாளில் மாற்று ஆள் வரமாட்டார். அம்மாவைத் தூக்கும்போது அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் மருத்துவச் செலவு கேட்டு உங்கள் வாசலில்தான் நிற்பார். ஆகவே நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. "இவர் யாருடைய ஊழியர்?" என்று கேளுங்கள். தங்கள் ஊழியர் என்று சொன்னால், பெயரை மறைத்து ஒரு சம்பளச் சீட்டு காட்டச் சொல்லுங்கள். அதில் சேமநிதி, பெர்கேசோ வரிகள் இருக்க வேண்டும். ஒழுங்காக நடத்துபவர் தயங்காமல் காட்டுவார்.

4,200 கேட்பவரிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. மிகைநேரத்துக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு மாதம் 104 மணி நேரம். இடைவேளையே கிடைக்காத இந்த வேலையில் ஒரே ஆளை 12 மணி நேரம், ஆறு நாளும் போட்டால் அந்த வரம்பு தாண்டிவிடும். இரண்டு பேரை மாற்றி மாற்றி அனுப்புகிறார்களா என்று கேளுங்கள்.

இன்னொன்று, கேள்வியில் நீங்கள் சொல்லாமல் விட்டது: இரவு யார் இருக்கிறார்கள்? பக்கவாதம் வந்தவர் இரவில் கழிவறைக்கு எழும்போது விழும் ஆபத்து அதிகம், அதிலும் கழிவறை வீட்டின் பின்கட்டில், ஒரு படி இறங்கி இருக்கும் பழைய வீடுகளில். பகல் முழுவதற்கும் பணத்தைக் கொட்டுவதைவிட, காலை 7 முதல் 11 வரை ஓர் ஆள் (குளியல், மருந்து, பயிற்சி, மதியச் சமையல்), மாலை 6 முதல் படுக்கும்வரை இன்னோர் ஆள் என்று பிரித்து, இரவில் உறவினர் ஒருவர் தங்க ஏற்பாடு செய்வது பல குடும்பங்களுக்குப் பொருந்தும். கட்டிலருகே கமோட் நாற்காலி, நடைவழியில் இரவு விளக்கு, படியில் கைப்பிடி: இந்த மூன்றையும் ஆள் தேடுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டியவை இரண்டு: ஆள் வராவிட்டால் எத்தனை மணி நேரத்துக்குள் மாற்று ஆள், வராத நாளுக்குக் கட்டணத்தில் எவ்வளவு கழிவு. ஈப்போவிலிருந்து ஆள் அனுப்பும் நிறுவனமாக இருந்தால் மாற்று ஆள் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்றும் கேளுங்கள். மோட்டாரில் வருபவர் மழையில் தோட்டத்துச் சாலையில் எப்படி வந்து சேர்வார் என்பது இங்கே சின்னக் கேள்வி இல்லை.

கேள்வி: மருத்துவமனையிலிருந்து அப்பாவை மூக்கு வழி உணவுக் குழாயோடும் பிட்டத்தில் படுக்கைப் புண்ணோடும் அனுப்பிவிட்டார்கள். "எங்கள் ஆள் எல்லாம் பார்த்துக்கொள்வார்" என்கிறது நிறுவனம். நம்பலாமா?

பதில்: "எல்லாம்" என்ற சொல்லை ஒப்பந்தத்தில் ஏற்காதீர்கள். பராமரிப்பாளர் வேறு, பதிவு பெற்ற தாதி வேறு. குழாயைச் செருகுவதும் மாற்றுவதும், ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் தாதியின் வேலை. குழாய் வழியாகப் பால் கொடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, சுத்தம் செய்வது ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் செய்யலாம்.

உங்கள் வட்டார கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) பிபிடி (பெர்கிட்மாதான் பெராவாதான் டொமிசிலியாரி) என்ற வீட்டுப் பராமரிப்புச் சேவை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கே அரசாங்கக் குழு வந்து புண் கட்டுவதும் குழாய் மாற்றுவதும் இந்தச் சேவையில் அடங்கும். நோயாளி சீரான நிலையில் இருக்க வேண்டும், வீடு கிளினிக்கின் எல்லைக்குள் இருக்க வேண்டும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள். இது தெரியாமல் தனியார் தாதிக்கு ஒவ்வொரு தடவையும் பணம் கட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. மனம் கனக்கிறது.

வரும் ஆளை முதல் நாளே சோதித்துப் பாருங்கள். பால் கொடுக்குமுன் மூக்கருகே குழாயில் போட்ட அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறாரா? தலைப்பகுதியை 30 முதல் 45 பாகை உயர்த்துகிறாரா? கொடுத்த பிறகு தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி, குறைந்தது அரை மணி நேரம் அதே நிலையில் வைக்கிறாரா? அடையாளம் நகர்ந்தாலோ அப்பா இருமித் திணறினாலோ கொடுப்பதை நிறுத்த வேண்டும். பால் நுரையீரலுக்குள் போனால் நிமோனியாதான்.

புண்ணுக்கு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். குதிகாலைத் தலையணை வைத்துத் தூக்கிவிட வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்த்து விடுபவர் பழைய பழக்கத்தில் செய்கிறார். அது தோலுக்கடியில் உள்ள சதையை மேலும் கெடுக்கும், தடுத்துவிடுங்கள். நடுவில் துளை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம். காற்று மெத்தை உதவும், ஆனால் புரட்டுவதற்கு மாற்றாகாது. மின்சாரம் போனால் மெத்தை தட்டையாகிவிடும், அப்போது என்ன செய்வார் என்று கேளுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, புரட்டிய நேரம், கொடுத்த பாலின் அளவு, சிறுநீர், மலம், மருந்து எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியிலும் அவர் கையெழுத்து இருக்கட்டும். நாள் முழுவதும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியது போலத் தெரிந்தால் புரட்டவில்லை என்று பொருள். பெம்பர்ஸ் நாளுக்கு 4 அல்லது 5, மாதம் 120 முதல் 150 வரை தேவைப்படும். கையுறை 100 கொண்ட பெட்டி மூன்று. இவை கட்டணத்தில் சேருமா என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சேராது.

கேள்வி: மூன்று மாதப் பணம் 9,000 வெள்ளி முன்கூட்டியே கட்டினோம். இரண்டு வாரத்தில் நான்கு ஆள் மாறினார்கள். வேண்டாம் என்றோம். "பணம் திரும்பாது என்று கையெழுத்துப் போட்டீர்கள்" என்கிறார்கள்.

பதில்: கையெழுத்துப் போட்டாலும் வழி இருக்கிறது. தொடர்ந்து வழங்கப்படும் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் இடையில் நிறுத்தலாம் என்று 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. நிறுவனம் பிடித்துக்கொள்ளும் தொகைக்கும் அதே பிரிவு வரம்பு வைத்திருக்கிறது. மொத்தத்தையும் விழுங்க முடியாது. சேவையை நியாயமான கவனத்தோடும் திறனோடும் தர வேண்டும் என்ற உத்தரவாதம் 53ஆம் பிரிவில் உள்ளது.

முதலில் நிறுத்துவதை எழுத்தில் தெரிவித்து, பயன்படுத்திய நாள்களைக் கணக்கிட்டு, மீதியை 14 நாளுக்குள் கேளுங்கள். வரவில்லை என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போங்கள். மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் செய்திகள், எந்த நாளில் யார் வந்தார் என்ற குறிப்பு: இவை போதும். நோயாளி விழுந்து அடிபட்டிருந்தால் அதற்கான இழப்பீடு இந்த மன்றத்தில் வராது. பதிவு பெற்ற மருத்துவரோ தாதியோ தந்த மருத்துவச் சேவைக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது.

இனிமேல் ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: நிறுவனம் இந்தோனேசியப் பெண் ஒருவரை வாரத்துக்கு மூன்று நாள் எங்கள் வீட்டுக்கும் மற்ற நாள் வேறு வீட்டுக்கும் அனுப்புகிறது. சரியா?

பதில்: அவருடைய வேலை பெர்மிட் எந்த முதலாளியின் பெயரில் இருக்கிறதோ அங்கே மட்டும்தான் வேலை செய்யலாம். செல்லுபடியாகும் பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால், குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவின்படி ஆள் ஒருவருக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். "நிறுவனம் அனுப்பியது, எங்களுக்குத் தெரியாது" என்பதை நம்பி இருக்காதீர்கள். பெர்மிட்டை நேரில் பாருங்கள். அவருடைய கடப்பிதழ் அவரிடமே இருக்க வேண்டும். அதை வாங்கி வைத்துக்கொண்டு மிரட்டும் நிறுவனத்தோடு எந்த உறவும் வேண்டாம்.

கேள்வி: தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊரிலேயே எட்டு, பத்துப் பெண்களைச் சேர்த்துப் பராமரிப்பு நிறுவனம் தொடங்க ஆசை. என்ன தேவை?

பதில்: இந்த ஊர்களுக்கு உங்களைப் போன்றவர்கள் தேவை. எந்த வழி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆளைக் கண்டுபிடித்துக் குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கட்டணம் வாங்குவதென்றால் அது வேலைவாய்ப்பு முகவர் தொழில். 1981 தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டப்படி உரிமம் வேண்டும். பெண்களை நீங்களே வேலைக்கு எடுத்து, உங்கள் பெயரில் சேவை தருவதென்றால் நீங்கள்தான் முதலாளி. இரண்டாவதே நல்லது என்பது எங்கள் கருத்து. 1993 பராமரிப்பு மையச் சட்டம் முதியோர் தங்கும் அல்லது பகலில் வந்து போகும் மையங்களுக்கானது; ஆளை வீட்டுக்கு அனுப்புவதற்கு அந்தப் பதிவு போதும் என்றோ கட்டாயம் என்றோ யாரேனும் சொன்னால் குழம்பாதீர்கள்.

எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவுக்குப் பின், முதல் ஆளை எடுத்த 7 நாளுக்குள் சேமநிதியிலும் 30 நாளுக்குள் பெர்கேசோவிலும் பதிய வேண்டும். சந்தா அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள். உங்கள் பெண்கள் "வீட்டுப் பணியாளர்" வகையில் வரமாட்டார்கள். உங்கள் வணிகத்தின் ஊழியர்கள் என்பதால் மிகைநேரம், ஓய்வுநாள், மருத்துவ விடுப்பு எல்லாம் பொருந்தும்.

இந்தத் தொழில் இரண்டு இடத்தில் முறியும். ஒன்று, மாற்று ஆள். எட்டுப் பேரும் தினமும் முழு வேலையில் இருந்தால் ஒருவருக்குச் சுகமில்லாத நாளிலேயே வாடிக்கையாளரை இழப்பீர்கள். ஐந்து, ஆறு வீட்டுக்கு ஒருவரையாவது எந்த வீட்டுக்கும் நிரந்தரமாக ஒதுக்காமல் மாற்று ஆளாக வைத்து, அவர் சம்பளத்தையும் கட்டணத்தில் சேருங்கள். இரண்டு, கட்டணம் வசூலாவதற்கு முன் சம்பள நாள் வந்துவிடுவது. மாதத் தொடக்கத்தில் ஒரு மாதக் கட்டணம் வாங்குங்கள். கையில் குறைந்தது இரண்டு மாதச் சம்பளத் தொகை இருந்த பிறகே தொடங்குங்கள்.

ஆள் அனுப்புமுன் நீங்களே வீட்டைப் போய்ப் பாருங்கள். நோயாளியின் எடை, தூக்கி மாற்ற இரண்டு பேர் வேண்டுமா, கழிவறையின் உயரம், நாய் இருக்கிறதா, மருந்துப் பட்டியல்: எல்லாம் எழுத்தில். வீட்டாரின் ஏடிஎம் அட்டையை எந்தப் பெண்ணும் தொடக்கூடாது. கடைக்குப் போனால் பணம், ரசீது, மீதி மூன்றும் நோட்டுப் புத்தகத்தில். திருட்டுப் பழி வந்தால் அவர்களைக் காப்பாற்றுவது அந்த நோட்டுதான்.

கேள்வி: அம்மாவுக்கான பராமரிப்பாளர் சம்பளத்துக்கு வருமான வரி விலக்கு உண்டா?

பதில்: உண்டு. பெற்றோரின் மருத்துவம், சிறப்புத் தேவை, பராமரிப்பாளர் செலவு சேர்த்து ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை. பராமரிப்பாளர் தேவை என்று மருத்துவர் சான்று தர வேண்டும். நீங்களோ உங்கள் கணவர், மனைவி, பிள்ளையோ பராமரிப்பாளராக இருந்தால் செல்லாது. ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காமல் விடாதீர்கள். ரசீதுகளையும் சான்றையும் ஏழு ஆண்டுகள் வைத்திருங்கள்.