கணக்குக் கேள்வி – பதில்: 2,147,483,647ஐ எதனால் வகுத்துப் பார்ப்பது?

கே: 2,147,483,647 பகா எண் என்கிறாள் படிவம் 4 படிக்கும் மகள். வீட்டுக் கால்குலேட்டரிலேயே சோதிக்க முடியுமா? (வாசகி, சுங்கை சிப்புட்)

ப: முடியும். ஆனால் 3, 7, 11 என்று வரிசையாக வகுக்கத் தொடங்கிவிடாதீர்கள். வர்க்கமூலம் 46,340 சொச்சம். அதுவரை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன.

இந்த எண் 2ன் 31ஆம் அடுக்கில் 1 குறைந்தது. அதனால் இதை வகுக்கக்கூடிய பகா எண் எதுவானாலும், அதை 62ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும்; 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 248ன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டிய எண்கள் மட்டுமே மிஞ்சும். 63, 249 இரண்டும் 3ஆல் வகுபடுபவை, விடுங்கள். முதலில் தேறும் பகா எண் 311, அதற்கடுத்து 1,303தான். இப்படிச் சலித்தால் அதிகபட்சம் 372 வகுத்தல்கள். கணித மேதை ஆய்லர் 1772இல் இது பகா எண் என்று அறிவித்தது இந்த வழியில்தான், அதுவும் கையால்.

எட்டு இலக்கக் கடைக் கால்குலேட்டரில் எண்ணே ஏறாது. பத்து இலக்கம் வேண்டும். தசமத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு தசம இடத்துக்கு வைத்திருந்தால், 311ஆல் வகுத்து மீதி 1 வந்தாலும் முழு எண் போலவே காட்டும். ஈவின் முழுப் பகுதியைத் திரும்பப் பெருக்கிக் கழியுங்கள்: 311 × 6,905,092 = 2,147,483,612. மீதி 35. அடுத்து 1,303க்கு மீதி 226.

கே: 2ன் அடுக்கு பகா எண்ணாக இருந்தால், 1 கழித்து வரும் விடையும் பகா எண்தானே? (டியூஷன் ஆசிரியர், அதே ஊர்)

ப: இல்லை. 11 போட்டதுமே உடைகிறது: 2,047 = 23 × 89. அத்தனை செம்பனைக் கன்றுகளை 23 வரிசையாக, வரிசைக்கு 89 என நட்டுவிடலாம்.

இத்தகைய எண் பகா எண்ணா என்று காட்டும் லூக்கா–லெமர் சோதனையை, அடுக்கு 7ஐ (2ன் 7ஆம் அடுக்கில் 1 குறைந்தால் 127) வைத்துப் பிள்ளைகளைச் செய்யச் சொல்லுங்கள். 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, 127ஆல் வகுத்த மீதியை எடுக்க வேண்டும்: 14, 67, 42, 111, 0. அடுக்கைவிட இரண்டு குறைவாக, அதாவது ஐந்தாவது படியில் 0 வந்தால் பகா எண். பிள்ளைகள் தவறுவது தொடக்க 4ஐயும் ஒரு படியாக எண்ணி, 111இலேயே நிறுத்திவிடுவதில். 31க்கு இதைக் கால்குலேட்டரில் செய்ய வேண்டாம்: வர்க்கம் 19 இலக்கம் வரை போகும், கருவி வாலை வெட்டிவிடும், அதன்பின் வருவதெல்லாம் குப்பை.

கே: 2,147,483,647ஐவிடப் பெரிய பகா எண் ஏதாவது?

ப: 2024 அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்ட 2ன் 136,279,841ஆம் அடுக்கு கழித்தல் 1. மொத்தம் 41,024,320 இலக்கங்கள். பக்கத்துக்கு 5,000 என்று அச்சிட்டாலும் 8,205 பக்கம். அதன் கடைசி இலக்கத்தை மட்டும் நீங்களே சொல்லிவிடலாம். 2ன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று முடிந்து முடிந்து சுழலும். அடுக்கை 4ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே முடிவது 2இல். ஒன்று கழித்தால் 1.