கடலடியில் கான்கிரீட் வீடு: கோத்தகிரிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

தூத்துக்குடிக் கடலில் பல வருஷம் முக்குளித்து வேலை பார்த்தவன் நான். இப்போது குடியிருப்பது கோத்தகிரியில். செயற்கை மீன் உறைவிடம் பற்றி இங்குள்ளவர்கள் கேட்டதற்கு என் பதில்கள்.

அது என்ன, ஐயா? பவளப்பாறையா?

இல்லை. முக்கோணமாகவும் கிணற்று உறை போலவும் ஓட்டைகளோடு வார்த்த கான்கிரீட். அதைக் கடலடியில் இறக்கிவைத்தால் முதலில் பாசி படியும். அப்புறம் சிப்பியும், பாறையில் ஒட்டி வாழும் ஓட்டுயிரான கொட்டலசும் ஒட்டும், மேய்வதற்குச் சின்ன மீன்கள் வரும், அவற்றைத் தேடிக் களவா, பாரை மாதிரிப் பெரிய மீன்களும் வரும். கணவாய் மீன் வந்து முட்டையை ஒட்டிவிட்டுப் போகும்.

மீன் உண்மையிலேயே பெருகுகிறதா, ஓரிடத்தில் கூடுகிறதா?

நல்ல கேள்வி, அம்மா. கோடையில் தோட்டத்து ஓரம் தண்ணீர்த் தொட்டி வைத்தால் காட்டுமாடு வரும். அதற்காகக் காட்டுமாடு பெருகிவிட்டது என்று சொல்வோமா? உறைவிடத்திலும் முதலில் நடப்பது கூடுவதுதான். குஞ்சுகள் ஒளிய இடம் கிடைத்து, அவை பெரிதாகி முட்டையிட்டால்தான் பெருக்கம். கூடிய மீனை அன்றைக்கே வளைத்து அள்ளினால், உறைவிடமே மீனுக்குப் பொறியாகிவிடும். அதனால்தான் அங்கே வலை வேண்டாம், தூண்டில் போதும் என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறேன். கட்டுமரக்காரருக்கும் வள்ளக்காரருக்கும் இதில் பெரிய நன்மை உண்டு. மீன் இருக்கும் இடம் தெரிந்துவிடுவதால் அலைச்சலும் டீசலும் மிச்சம். கடலடியில் இழுத்துச் செல்லும் இழுவை மடி (வலை) கான்கிரீட்டில் மாட்டிக் கிழியும் என்பதால் விசைப்படகுகளும் ஒதுங்கும்.

பழைய டயர்களைப் போட்டால் செலவு குறையுமே, அண்ணா?

வேண்டாம் தம்பி. அமெரிக்காவின் ஃப்ளோரிடா கடலில் 1970களில் சுமார் 20 லட்சம் டயர்களைப் போட்டார்கள். கட்டு அறுந்து அவை உருண்டுபோய், பக்கத்திலிருந்த இயற்கைப் பாறைகளையே மோதிச் சிதைத்தன. பிறகு டயர்களை வெளியே எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது.

கரைக்கு என்ன லாபம்?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் 2 மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்க எதுவும் இல்லாமல் போனது பெரிய காரணம். தூத்துக்குடிக்கு அருகே வான் தீவும் அப்படித்தான் கரைந்துகொண்டு வந்தது. 2015 முதல் அதைச் சுற்றிக் கான்கிரீட் உறைவிடங்களை இறக்கினார்கள். அவை அலையின் வேகத்தை உடைக்கின்றன. பின்னால் மணல் தங்குகிறது.

நம் கேரட் தோட்டத்து மண்ணுக்கும் கடலுக்கும் சம்பந்தம் உண்டா?

நம் சரிவில் அரித்த மண் பவானியில் இறங்குகிறது. பெரும்பகுதி பவானிசாகர் அணையிலேயே படிந்துவிடும். ஆனால் எந்த ஆற்று முகத்துவாரத்திலும் சேறு மிதந்தால் பவளத்துக்கு வெயில் எட்டாது, மூச்சும் முட்டும். சேற்றுத் தரையில் கான்கிரீட் நிற்பதும் கிடையாது, புதைந்துபோகும். அதனால் உறைவிடத்துக்கு இடம் பார்க்கும்போது முதலில் கடலடித் தரையைத்தான் சோதிப்போம். உள்ளூர் மீனவர்களைக் கேட்டாலே போதும். எங்கே சேறு, எங்கே பார் (கடலடிப் பாறைத் தரை) என்பது அவர்களுக்கு மனப்பாடம்.