பின்னறைக்கு மாற்றினால் போதுமா?

வணக்கம்.

எங்கள் நிறுவனத்தின் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் ஒருவர் சமீபமாக ஹிஜாப் அணிந்து வருகிறார். வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்களோ என்று மேலாளர் அவரைக் கணக்குப் பிரிவுக்கு மாற்றப் பார்க்கிறார். சம்பளம் குறையாது. மனிதவளப் பிரிவில் இருக்கும் எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. வேலைக்கு வந்த இடத்தில் சீருடை விதிக்குக் கட்டுப்பட வேண்டாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

எனக்கு இது நியாயமாகப் படவில்லை. அவர் வேலையில் குறை இருப்பதாக நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. சம்பளம் குறையாவிட்டாலும், யார் கண்ணிலும் படாமல் உட்கார் என்பதுதானே அந்த மாற்றலுக்குப் பொருள்?

பிரிட்டிஷ் ஏர்வேஸ் கவுன்ட்டரில் பணியாற்றிய நாடியா எவெய்டாவுக்கும் 2006இல் இதையேதான் சொன்னார்கள். கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. அது சீருடைக்கு வெளியே தெரியக்கூடாது என்றது நிறுவனம். ஆனால் தலைப்பாகைக்கும் ஹிஜாபுக்கும் அங்கே அனுமதி இருந்தது. மறைக்க மறுத்தவரைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்புறம், வாடிக்கையாளரைச் சந்திக்கத் தேவையில்லாத அலுவலக வேலை தருகிறோம் என்றார்கள். அவர் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே நிறுவனம் விதியைத் தளர்த்தியது. 2013இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அதே தீர்ப்பில் ஷெர்லி சாப்ளின் என்ற செவிலியர் தோற்றார். அவரும் சிலுவைக்காகத்தான் வழக்காடினார். ஆனால் சங்கிலியை நோயாளி பிடித்து இழுத்தால் காயம் படும், திறந்த புண்ணில் உரசும் என்றது மருத்துவமனை. அது நிஜமான காரணம். துணி இயந்திரத்தில் சிக்கும், தொற்று பரவும் என்றால் நானும் மேலாளர் பக்கம்தான். வரவேற்பு மேசையில் அப்படி என்ன ஆபத்து?

வாடிக்கையாளருக்குப் பிடிக்காது என்பது காரணமாகாது. தலைத்துணி அணிந்தவர் வேண்டாம் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டதால் வேலையிழந்த பிரெஞ்சுப் பொறியாளரின் வழக்கில், 2017இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. ஆனால் அதே நாளில் ஒரு பெல்ஜிய வழக்கில், எல்லா மத, அரசியல் அடையாளங்களுக்கும் பொதுவாகத் தடை வைக்க நிறுவனங்களுக்கு வழிவிட்டது. இந்த இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லோருக்கும் ஒரே விதி என்று கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. தலையை மூடுவதைக் கடமையாக நினைக்காதவர் அந்த விதியால் இழப்பது எதுவுமில்லை. நினைப்பவர் வேலையையே இழக்கிறார்.

சீருடை முக்கியம்தான். அந்த நிறத்திலேயே தலைத்துணி கொடுங்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் செய்ததும் அதுதான். இன்னொன்று, 'சுளிப்பார்களோ' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், யாரும் சுளித்ததாக எழுதவில்லை. மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போடும் முன், புகார் ஏதும் வந்திருக்கிறதா என்று மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பெண்ணிடமும் பேசுங்கள். அவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டதாகவே உங்கள் கடிதத்தில் இல்லை.