யாருக்கும் தெரியாத வியூபாயின்ட் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

ரெண்டு வருஷமா ஒசாகாவுல வேலை பாக்குறேன். டிசம்பர் லீவுக்கு நானும் வைஃபும் ஜப்பானோட தெற்குக் கோடி ஒகினாவா தீவுக்குப் போறோம். மன்ஸாமோ பாறை முனை, சுராவுமி அக்வாரியம் எல்லாம் யூட்யூப்ல பாத்து பாத்தே சலிச்சுப்போச்சு. நீங்க அங்க போயிட்டு வந்தத பத்தி முன்னாடி எழுதியிருந்தீங்க. கூட்டமே இல்லாத, யாருக்கும் தெரியாத வியூபாயின்ட் நாலஞ்சு சொல்லுங்களேன். கார் வாடகைக்கு எடுக்கலாம்னு இருக்கேன், ஊர்ல வாங்குன இன்டர்நேஷனல் பர்மிட் கையில இருக்கு. ட்ரோனும் எடுத்துட்டுப் போறேன்.

அன்புடன்,
ச., ஒசாகா

அன்புள்ள தம்பி,

சில்லறை விஷயத்த மொதல்ல முடிச்சுடறேன். ஜப்பான்ல குடியிருந்து ஒரு வருஷம் தாண்டிட்டா அந்த பர்மிட் செல்லாது, ஜப்பான் லைசென்ஸா மாத்தணும். ரெண்டு வருஷமா அங்கயே இருக்குற ஆளு இத என்கிட்ட கேக்குறீங்க பாருங்க. ட்ரோன வீட்லயே வெச்சுட்டுப் போங்க, அமெரிக்க ராணுவ பேஸ் பக்கத்துல பறக்க விட சட்டத்துலயே தடை, அந்தத் தீவுல எங்க திரும்புனாலும் ஒரு பேஸ் வரும். மன்ஸாமோ கூட்டத்த பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்ல, 1726ல அந்தத் தீவ ஆண்ட ஷோ கெய் ராஜா வந்து பாத்துட்டு இந்தப் புல்தரையில பத்தாயிரம் பேர் உக்காரலாம்னு சொன்னதா கதை, ராஜாவே சர்டிபிகேட் குடுத்த எடத்துல போயி கூட்டமா இருக்குன்னு பொலம்பலாமா?

ஆனா அந்த 'யாருக்கும் தெரியாத' இருக்கே, அத விட முடியல. ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டு இருக்குற விஷயம். இப்பல்லாம் எந்த ஊருக்குப் போறவங்களும் ஹிட்டன் ஸ்பாட் சொல்லுங்கன்னுதான் கேக்குறாங்க, யாருக்குத் தெரியாதுன்னு கேட்டா பதில் இல்ல. ஊர்க்காரன் பொறந்ததுலேந்து ஏறி எறங்குற மேடு தம்பி அது. ஒரு தீவுல நல்லா வ்யூ தெரியுற ஒசரமான எடம்னு ஒண்ணு இருந்தா, நீங்க போறதுக்கு சில நூறு வருஷம் முன்னாடியே ஒரு ராஜா ஏறியிருப்பான், அவனுக்கப்புறம் ஒரு பட்டாளம் ஏறியிருக்கும். அவங்களும் வ்யூ பாக்கத்தான் ஏறுனாங்க, எதிரி எந்தப் பக்கமா வர்றான்னு பாக்க.

கட்சுரென் கோட்டைக்குப் போங்க, நான் சொல்றது புரியும். வளைஞ்சு வளைஞ்சு ஏறுற சுண்ணாம்புக்கல் மதிலு, உச்சியில நின்னா ரெண்டு பக்கமும் கடல். அங்க இருந்த அமாவாரிங்குற தலைவன் கப்பல் வியாபாரத்துல கொழுத்தவன், 1458ல தலைநகர் ஷூரியில இருந்த ராஜாவோட படை வந்து முடிச்சுட்டுப் போச்சு. அந்தக் கோட்டையில தோண்டுனப்ப ரோமானியக் காசு கெடச்சுதுன்னு 2016ல அறிவிச்சாங்க, நம்ம கரூர்ல கெடைக்குதே அந்த ரோமாபுரிக் காசுதான், அங்க எப்படிப் போச்சுன்னு நெனச்சா தலை சுத்துது. சரி, அது வேற கதை.

நான் சொல்ல வந்தது ககாசு. கினோவான் சிட்டியில ககாசு தகதாய்னு ஒரு பார்க். தலைநகர் நாஹாவுலேந்து பஸ்லயே போயிடலாம், பார்க்குக்குள்ள போக டிக்கெட் கெடையாது. கீழ புள்ளைங்க வெளையாட எடம், அதுக்கு மேல மூச்சு வாங்குற படிக்கட்டு, உச்சியில பூமி உருண்ட மாதிரி கட்டுன ஒரு அப்சர்வேட்டரி. மேல ஏறி நின்னா மொதல்ல மொட்டமாடியா தெரியும், மாடிக்கு மாடி தண்ணி டேங்கு. அந்த மாடிங்க சட்டுனு ஒரு எடத்துல நின்னுபோயி நடு ஊர்ல நீட்டமா ஒரு ரன்வே வரும், ரெண்டே முக்கால் கிலோமீட்டர் நீளம். அதான் ஃபுடென்மா, அமெரிக்க மரீன் படையோட ஏர் பேஸ், ஊரோட பரப்புல கால்வாசி அதுவே. திருப்பிக் குடுக்குறதா 1996ல ஒப்புக்கிட்டாங்க, இன்னும் குடுத்தபாடில்ல.

நான் போன அன்னைக்கு மெயின்லேண்ட்லேந்து டூர் வந்த ஸ்கூல் பசங்க ஒரு கும்பல், அவங்களுக்குச் சொல்லிக் குடுக்க ரிடையர்டு டீச்சர் மாதிரி ஒரு அம்மா, அவ்வளவுதான் கூட்டம். குண்டு தொளச்ச செவுரு ஒண்ணு அந்த பார்க்ல இருக்கு, ரெண்டாம் உலகப் போர்ல தப்பிச்ச ஒரு வீட்டுச் செவுரு, கொண்டுவந்து வெச்சிருக்காங்க. ஒரு பையன் அந்த ஓட்டையில வெரல விட்டுப் பாக்குறான், அந்தம்மா திட்டல, எந்த வெரல் போகுதுன்னு கேட்டாங்க. 1945 ஏப்ரல்ல இந்த ஒரு மேட்டுக்காக ஜப்பான்காரனும் அமெரிக்காக்காரனும் ரெண்டு வாரத்துக்கு மேல அடிச்சுக்கிட்டாங்க, ஏப்ரல் 19ஆம் தேதி ஒரே நாள்ல அமெரிக்காக்காரன் 22 டாங்கிய இழந்தான், அதெல்லாம் படத்த வெச்சு சொல்லிக்கிட்டே வந்தவங்க சட்டுனு நிறுத்திட்டாங்க. கீழ பேஸ்லேந்து ஆஸ்ப்ரேங்குற ராணுவ விமானம் கெளம்புது. வயித்துக்குள்ள அதிருது அந்தச் சத்தம், பசங்க காதப் பொத்திக்கிட்டாங்க. அந்தம்மா கத்திப் பேசல, மொகம் சுளிக்கல, பைல்ல படிச்சுக்கிட்டிருந்த வரியில வெரல வெச்சுக்கிட்டு சும்மா நின்னாங்க. சத்தம் போனதும் விட்ட வார்த்தையிலேந்து திரும்ப ஆரம்பிச்சாங்க. எத்தனை வருஷப் பழக்கமோ அது. பேஸ ஒட்டியே இருக்குற ஃபுடென்மா ரெண்டாவது எலிமெண்டரி ஸ்கூல் க்ரவுண்டுல 2017 டிசம்பர்ல ஒரு ஹெலிகாப்டர் ஜன்னல் கழண்டு விழுந்துச்சு, 7.7 கிலோ, பசங்க வெளையாடிக்கிட்டு இருக்குறப்ப. அந்த ஸ்கூலோட ரெண்டாம் கிளாஸ் பசங்க இங்க வரவேண்டியதே இல்ல, வானத்தப் பாத்தாலே போதும்.

இப்ப சொல்லுங்க, அந்த மேடு யாருக்குத் தெரியாது? மேப்ல இருக்கு, போர்டு இருக்கு, டாய்லெட்டு கூட சுத்தமா இருக்கு. தெரிஞ்சேதான் ஒதுங்கிப் போறாங்க, ஏன்னா அங்கேந்து பாத்தா தெரியுறது போட்டோவுக்கு ஆகாது. கூட்டம் வேணாங்குறீங்களே, பாக்கப் பிடிக்காத எடத்துலதான் கூட்டம் இருக்காது. ஜப்பான் நிலப்பரப்புல ஒகினாவா 0.6 சதவீதம், ஜப்பான் முழுக்க அமெரிக்கப் படைக்கு மட்டும்னு ஒதுக்குன நிலத்துல 70 சதவீதம் இந்தத் துண்டுலதான் இருக்கு. இத கண்ணால பாக்க ககாசுவ விட நல்ல எடம் இல்ல. கதேனா பேஸுக்கு எதிர்லயும் ஒரு மேடு இருக்கு, 'பாதுகாப்பு ஒப்பந்தம் தெரியுற மேடு'ன்னே ஊர்ல பேரு வெச்சுட்டாங்க, குசும்புக்காரங்க. அதுக்குப் பக்கத்துலயே, கார்ல போறவங்க எறங்கி இளைப்பாறுற ரோட்டோர ஸ்டேஷன் மொட்டமாடியில பெரிய பெரிய லென்ஸோட ஃபைட்டர் ஜெட்டுக்குக் காத்துக்கிட்டு நிப்பாங்க ஒரு கூட்டம், பேஸும் சிலருக்கு வேடிக்கைதான், அதையும் சொல்லிடணும்ல.

அக்கா நான் லீவுக்குப் போறேன் அஞ்சலி செலுத்தவா போறேன்னு கேப்பீங்க. ஒப்பாரி வெச்சுக்கிட்டே ஊர் சுத்தச் சொல்லல தம்பி. அந்த ஊர் ஜனமே ககாசுல புள்ளைங்கள சறுக்கு விளையாட விட்டுட்டு டீ குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. அந்தப் போர்ல நாலுல ஒரு ஒகினாவாக்காரர் செத்தாங்க, மிச்சம் இருந்தவங்க வாழ்ந்துதான் காட்டியிருக்காங்க, நீங்களும் சிரிச்சுக்கிட்டே போயிட்டு வாங்க. யாருமே மிதிக்காத மண்ணுன்னு மட்டும் தேடாதீங்க, வீடு பாக்கப் போற புதுப் பணக்காரன் புத்தி அது.

வைஃபுக்கு கடல் பிடிக்கும்னா வடக்குக் கோடியில ஹெதோ முனைக்குப் போங்க. முனைக்கு நேரா கடல்ல யோரோன் தீவு இருக்கு, இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, வானம் தெளிஞ்சிருந்தா நல்லாவே தெரியும். யோரோன் 1953லயே ஜப்பானுக்குத் திரும்பிடுச்சு, ஒகினாவா 1972 வரைக்கும் அமெரிக்கா கையில, நடுவுல 27ஆவது அட்சரேகை எல்லையா நின்னுச்சு. அந்தக் காலத்துல ஏப்ரல் 28 ஆனா, ஒகினாவாவையும் திருப்பித் தரணும்னு, அந்த முனையிலயும் எதிர்த் தீவுலயும் தீ மூட்டிக் காட்டுவாங்களாம், படகெடுத்துக்கிட்டுப் போயி எல்லைக்கோட்டுலயே சந்திச்சுக்குவாங்களாம். நான் நின்னப்ப அடிச்ச காத்துல தொப்பி பறந்து போச்சு, அத தொரத்திப் புடிச்சுக் குடுத்த பெரியவர்தான் இதச் சொன்னார், கையில தொப்பிய வெச்சுக்கிட்டே, குடுக்க மறந்து, பத்து நிமிஷம் பேசுனார். பேருக்கு ஒரு வியூபாயின்ட்னு நெனச்சுப் போன எடம் அது, அன்னைக்கு ராத்திரி ஓட்டல்ல தூக்கமே வரல எனக்கு.

மியாகி தீவுல காஃபு பான்தான்னு ஒரு பாறை மொனையும் இருக்கு, ஒரு உப்பு கம்பெனி வளாகத்துக்குள்ள, கீழ கடல் அப்படியே பாட்டில் பச்சை. கடலுக்கு நடுவுல கிட்டத்தட்ட அஞ்சு கிலோமீட்டர் ரோடு தாண்டி, ஹென்சா தீவு எண்ணெய் டேங்குங்களப் பாத்துக்கிட்டே போகணும், எண்ணெய் கம்பெனிக்கு எடம் விட்டதுக்கு பதிலா வந்த ரோடு அது. டிசம்பர்ல காத்து பலமா இருக்கும், ஜாக்கெட் எடுத்துக்கோங்க. ககாசுவுக்கு வார நாள்ல போங்க, சனி ஞாயிறுல ப்ளேன் அதிகம் பறக்காது, ஆஸ்ப்ரே சத்தத்த கேக்காம எறங்கிடப் போறீங்க.

அன்புடன்,
அக்கா