வியாபார டேட்டாபேஸ் பராமரிப்பு: கேள்வி பதில்

மருந்து மொத்த வியாபாரம் செய்கிறோம் சார். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல்தான். தினமும் ராத்திரி பேக்கப் தானாக ஓடுகிறது. இது போதுமா?

கடைசியாக எப்போது அந்த பேக்கப்பை ரீஸ்டோர் செய்து பார்த்தீர்கள்? 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், வேறு சர்வர் என்று நினைத்து, ஓடிக்கொண்டிருந்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டேட்டாவையே அழித்துவிட்டார். பேக்கப்புக்கு அவர்களிடம் பல வழிகள் இருந்தன. ஆனால் தினசரி டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுக்கும் கருவி டேட்டாபேஸைவிடப் பழைய வெர்ஷன் என்பதால் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. அதைத் தெரிவிக்க வேண்டிய மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டிஸ்க்கின் நகல்) கைகொடுத்தது.

அதனால் மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் பேக்கப்பை ஏற்றுங்கள். கடைசி பில் நம்பர் இருக்கிறதா, அன்றைய விற்பனைத் தொகை பொருந்துகிறதா என்று பாருங்கள். ஏற்றி முடிக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் குறித்து வையுங்கள். கடை நின்றுபோன நாளில் முதலாளி முதலில் கேட்பது அதைத்தான்.

இன்னொன்று, சாயங்காலம் டிஸ்க் போனால் ராத்திரி பேக்கப்பில் அன்றைய பில் ஒன்றுகூட இருக்காது. பின்லாக் (ஒவ்வொரு மாற்றத்தையும் மைஎஸ்க்யூஎல் எழுதி வைக்கும் பதிவு) ஆனில் இருக்கட்டும், அதையும் அவ்வப்போது வேறு இடத்துக்கு நகலெடுங்கள். ஒரு பிரதியாவது அலுவலக நெட்வொர்க்குக்கு வெளியே இருக்க வேண்டும். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) உள்ளே வந்தால் கைக்கு எட்டிய பேக்கப்பையும் சேர்த்தே பூட்டிவிடும்.

எஸ்க்யூஎல் சர்வரில் லாக் ஃபைல் (மாற்றங்களைப் பதியும் ஃபைல்) டிஸ்க்கையே நிரப்பிவிட்டது. தினமும் ஃபுல் பேக்கப் எடுக்கிறேனே! லாக்கை அழித்துவிடலாமா?

தயவுசெய்து அழிக்காதீர்கள். உங்கள் டேட்டாபேஸ் ஃபுல் ரிகவரி மாடலில் (லாக் பேக்கப் எடுக்கும்வரை எல்லா மாற்றத்தையும் லாக்கில் வைத்திருக்கும் முறை) இருக்கும். அதில் ஃபுல் பேக்கப் எத்தனை எடுத்தாலும் லாக்கில் இடம் காலியாகாது, லாக் பேக்கப் தனியாக எடுக்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் அதிகபட்சம் அரை மணி நேர வேலைதான் போகும். ஒரு நாள் பில்களைக் கையால் திரும்பப் போட முடியும் என்றால் மட்டும் லாக் பேக்கப் இல்லாத சிம்பிள் மாடலுக்கு மாறுங்கள்.

பில் தேதிக்கு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) போட்டும் வருட ரிப்போர்ட் ஊர்கிறது அண்ணா. 'இயர்(பில்_தேதி) = 2024' என்றுதான் தேடுகிறேன்.

சிக்கல் அந்த வரியிலேயே இருக்கிறது. தேதி நெடுவரிசையை 'இயர்' மாதிரி ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டுவிட்டால் தேதி இண்டெக்ஸ் பயன்படாது, டேபிள் முழுவதையும் வரி வரியாகப் படிக்கும். 2024 ஜனவரி 1 முதல், 2025 ஜனவரி 1-க்கு முன்பு வரை என்று வரம்பு கொடுத்து எழுதுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எக்ஸ்ப்ளெயின் (தேடல் எப்படி நடக்கும் என்று காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அதற்காக எல்லா நெடுவரிசைக்கும் இண்டெக்ஸ் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பில் பதியும்போதும் அத்தனை இண்டெக்ஸையும் திருத்த வேண்டிவரும்.

தொகையை ஃப்ளோட்டில் (தோராயமாக வைக்கும் தசம எண் வகை) வைக்கலாமா?

கூடாது. துல்லியமாக வைக்கும் டெசிமல் வகைதான். ஃப்ளோட்டில் 0.1 என்பதைக்கூடத் துல்லியமாக வைக்க முடியாது. கூட்டிக்கொண்டே போனால் பைசா இடிக்கும், ஆடிட்டர் விடமாட்டார்.

வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் போட்டால் '????' என்று வருகிறது.

பெயர் நெடுவரிசையோ கனெக்‌ஷனோ தமிழ் எழுத்து இல்லாத லத்தீன்1 குறியீட்டில் இருக்கும். இரண்டையும் எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள். மைஎஸ்க்யூஎல்லில் வெறும் 'யூடிஎஃப்8' என்று போட்டால் ஓர் எழுத்துக்கு மூன்று பைட்தான். தமிழ் அதில் அடங்கிவிடும், இமோஜி வந்தால் உதைக்கும். டேபிளிலேயே கேள்விக்குறியாகப் பதிந்துவிட்ட பெயர்கள் திரும்ப வராது. பழைய ரசீதைப் பார்த்து மறுபடி டைப் செய்ய வேண்டியதுதான். அதனால் இதை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

போஸ்ட்கிரெஸ்ஸில் பழைய வரிகளை லட்சக்கணக்கில் டெலீட் செய்தேன். சைஸ் குறையவே இல்லை.

அழித்த இடத்தை ஆட்டோவேக்யூம் (தானாக ஓடும் சுத்தம் செய்யும் வேலை) புது வரிகளுக்காக ஒதுக்கி வைக்கும், பெரும்பாலும் டிஸ்க்குக்குத் திருப்பித் தராது. தினமும் புது பில் வரும் டேபிள் என்றால் அப்படியே விடுங்கள். டிஸ்க்கில் இடம் வேண்டியே ஆகணும் என்றால் வேக்யூம் ஃபுல் என்ற கட்டளை இருக்கிறது. அது முடியும்வரை அந்த டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது, புதுப் பிரதி எழுத டிஸ்க்கில் காலி இடமும் வேண்டும். கடை அடைத்த பிறகு ஓட்டுங்கள்.