சாப்ளினின் கடைசி உரை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் கல்லூரித் திரைப்படச் சங்கத்தில் அடுத்த மாதம் சார்லி சாப்ளின் ஹிட்லரைக் கேலி செய்து எடுத்த ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தைத் திரையிட எண்ணியிருக்கிறோம். தேர்வுக் குழுவில் இரண்டு ஆட்சேபங்கள் எழுந்தன. பல லட்சம் பேரைக் கொன்ற ஒருவனைப் பார்த்துச் சிரிக்க வைப்பது முறையா, சாப்ளினே பிற்காலத்தில் இதற்காக வருந்தினார் அல்லவா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல நகைச்சுவைப் படத்தின் முடிவில் நீண்ட பிரசங்கம் ஒட்டப்பட்டிருக்கிறது, அதற்கு முன்பே திரையிடலை நிறுத்திக்கொள்ளலாம் என்றார் இன்னொருவர். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. ஆனால் தெளிவாக மறுக்கவும் இயலவில்லை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதல் ஆட்சேபத்துக்கு அடிப்படை சாப்ளினின் சொற்களிலேயே இருக்கிறது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். 1964-இல் வெளிவந்த தன்வரலாற்றில், ஜெர்மன் வதைமுகாம்களில் நடந்த கொடூரம் அப்போதே தெரிந்திருந்தால் தம்மால் இந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்றும், நாஜிகளின் கொலைவெறியைக் கேலி செய்திருக்க முடியாது என்றும் அவர் எழுதினார். படத்தை எடுத்தது தவறு என்று அவர் ஒப்புக்கொண்டதாக இதைப் படிப்பவர்கள் உண்டு. நான் அவ்வாறு படிக்கவில்லை. பின்னால் தெரியவந்த உண்மையின் முன் ஒரு கலைஞன் தன் கலையின் எல்லையைச் சொல்கிறான். அதை எடுத்த காலத்தில் தனக்குத் தெரிந்தவற்றுக்கு அவன் உண்மையாக இருந்தானா என்பது வேறு கேள்வி.

படப்பிடிப்பு 1939 செப்டம்பரில், போர் மூண்ட சில நாட்களில் தொடங்கியது. நியூயார்க்கில் படம் வெளியானது 1940 அக்டோபரில். யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் சூறையாடப்பட்ட 1938 நவம்பர் இரவை உலகம் அறிந்திருந்தது. ஜெர்மனியின் டாஹாவ் வதைமுகாம் 1933 முதலே இயங்கிக்கொண்டிருந்தது. ஆனால் நச்சுவாயு அறைகளைக் கொண்ட கொலைமுகாம்கள் இயங்கத் தொடங்கியது படம் வெளியாகி ஓராண்டுக்குப் பிறகுதான். படத்தில் வரும் முகாமில் கைதிகள் அணிவகுத்து நடக்கிறார்கள். அதற்கு மேல் சாப்ளினுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அப்படியிருந்தும், எல்லோரையும் கொல்லவல்ல அற்புதமான விஷவாயு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக அமைச்சர் ஹெர்ரிங் குதூகலத்துடன் ஓடிவந்து சொல்லும் ஒரு கணம் படத்தில் இருக்கிறது. 1940-இல் சிரிப்புக்காக எழுதப்பட்ட அந்த வசனத்தை இன்று நம்மால் சிரித்துக் கடக்க முடிவதில்லை.

அன்றைய ஹாலிவுட்டின் மௌனத்தையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெர்மன் சந்தையை இழக்கப் பெரிய நிறுவனங்கள் விரும்பவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த ஜெர்மன் தூதரக அதிகாரி கியோர்க் கிஸ்லிங் ஆட்சேபக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். அமெரிக்கா போரில் இறங்கியதே 1941 டிசம்பரில்தான். சாப்ளின் தன் சொந்தப் பணத்தைப் போட்டு, தன் சொந்தப் படப்பிடிப்புக் கூடத்தில் இதை எடுத்தார். அவர் யூதர் அல்லர். ஆனால் நாஜிப் பிரச்சாரம் அவரை யூதர் என்றே வசைபாடியது, அவரும் அதை மறுக்க முற்படவில்லை. அந்தத் துணிவை இன்றைய பாதுகாப்பான தூரத்தில் அமர்ந்து நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

இனி, அந்தச் சிரிப்பு எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். பலரும் நினைவில் வைத்திருப்பது, ஹிட்லரின் கேலி உருவமாகச் சாப்ளின் நடித்த சர்வாதிகாரி ஹிங்கெல் உலக உருண்டையைப் பலூனாக்கித் தட்டி விளையாடும் காட்சியை. அது அழகான காட்சிதான். ஆனால் படத்தின் கூர்மை வேறு இடங்களில் இருக்கிறது. துப்பாக்கிக் குண்டு துளைக்காத உடை என்று ஒன்றை அணிந்துவரும் கண்டுபிடிப்பாளரை ஹிங்கெல் சுட்டுப் பார்க்கிறான்; அந்த மனிதர் சரிந்து விழ, நேரம் வீணானதே என்ற எரிச்சலுடன் அவன் அடுத்த வேலைக்குப் போகிறான். வேலைநிறுத்தம் செய்தவர்கள் 3,000 பேர் என்று தகவல் வருகிறது; அனைவரையும் சுட்டுவிடச் சொல்லிவிட்டு, தன் தொழிலாளர்களில் யாரும் அதிருப்தியுடன் இருக்கக் கூடாது என்கிறான். யூத வங்கியாளர் எப்ஸ்டைனிடம் கடன் கிடைக்கலாம் என்ற நம்பிக்கை இருக்கும்வரை யூதர்கள் ஒதுக்கிவைக்கப்பட்ட குடியிருப்பான கெட்டோவில் ஒடுக்குமுறை தளர்கிறது. அங்கே படைவீரர்கள் பெண்களுக்குப் பை தூக்கிக்கூட உதவுகிறார்கள். கடன் மறுக்கப்பட்ட மறுகணமே அதே தெருவில் வன்முறை திரும்புகிறது. ஒரு சமூகத்தின் வாழ்வும் சாவும் ஒரு மனிதனின் மனநிலையையும் கணக்கு வழக்கையும் சார்ந்து கிடப்பதை இவ்வளவு எளிதாகக் காட்டிய படங்கள் குறைவு. இங்கே சிரிக்கப்படுவது கொல்லப்பட்டவர்களின் துயரம் அன்று. ஒருவன் வாயசைத்தால் நிறைவேற்றக் காத்திருக்கும் ஏற்பாடு முழுவதும்தான் சிரிப்புக்கு இலக்காகிறது.

இந்த ‘வாயசைப்பு’ வழியாகத்தான் இரண்டாவது ஆட்சேபத்துக்கும் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். பேசும் படங்கள் வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகியும் சாப்ளின் பேச மறுத்தவர். 1936-இல் எடுத்த ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தில் மனிதப் பேச்சு பெரும்பாலும் இயந்திரங்கள் வழியாகவே ஒலிக்கிறது: தொழிற்சாலை முதலாளி திரையில் தோன்றி ஆணையிடுகிறார், இசைத்தட்டு பேசுகிறது, வானொலி பேசுகிறது. சாப்ளின் நடிக்கும் நாடோடி வாய்திறப்பது ஒரே ஒரு பாட்டுக்காக, அதுவும் பொருளற்ற சொற்களால் ஆன பாட்டு. அதற்கடுத்த படம்தான் ‘தி கிரேட் டிக்டேட்டர்’, அவருடைய முதல் முழுமையான பேசும் படம். அதில் ஹிங்கெலாக அவர் ஆற்றும் முதல் பேருரை, ஜெர்மன் மொழியின் ஒலிகளை மட்டும் கிழித்துக் கோத்த உறுமல். ஒலிவாங்கியே அஞ்சி வளைந்து பின்வாங்குகிறது. அவன் கையை உயர்த்தினால் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, இறக்கினால் கத்தரித்தது போல அடங்குகிறது.

அதே குரல் பிறகு ஒலிபெருக்கி வழியாகக் கெட்டோவுக்குள் நுழைகிறது. ஹிங்கெலின் அதே முகச்சாயல் கொண்ட யூத முடிதிருத்துபவரும் (அவரும் சாப்ளினே) அவர் காதலிக்கும் ஹன்னாவும் நல்ல உடை உடுத்தி முதன்முறையாகச் சேர்ந்து வெளியே கிளம்பியிருக்கிறார்கள். தெருவில் அந்த உறுமல் கேட்டதும் மனிதர்கள் வீடுகளுக்குள் ஓடி மறைகிறார்கள். சொல் ஒன்றும் புரியாமலேயே நமக்கும் அந்த அச்சம் புரிகிறது. படத்தின் மையம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் உலக உருண்டையை விட்டுவிட்டு இந்தத் தெருக் காட்சியைத்தான் சொல்வேன்.

இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். படம் முழுவதும் அதிகம் பேசாத முடிதிருத்துபவர், ஆள்மாறாட்டத்தால் ஹிங்கெலின் உடையில், ஹிங்கெலின் மேடையில், ஹிங்கெலின் ஒலிவாங்கிகளுக்கு முன் நிறுத்தப்படுகிறார். அவருக்கு முன்பு ஹிங்கெலின் அமைச்சர் கார்பிட்ஷ் பேசி முடித்திருக்கிறார்: ஜனநாயகமும் சமத்துவமும் மக்களை ஏமாற்றும் சொற்கள், யூதர்களின் குடியுரிமை பறிக்கப்படும் என்று. இப்போது வாய்திறந்தாக வேண்டும். தனக்குப் பேரரசனாக விருப்பமில்லை என்று மன்னிப்புக் கோரும் தொனியில் தொடங்குகிறார். விமானமும் வானொலியும் மனிதரை நெருக்கமாக்கியிருப்பதை அவர் சொல்லும்போது, இந்தக் கணத்திலும் தன் குரல் கோடிக்கணக்கானவரை எட்டுகிறது என்று சொல்லும்போது, கெட்டோவில் மனிதர்களை விரட்டிய அதே கருவி வேறு கைக்கு மாறியிருக்கிறது. இதைப் படத்தில் ஒட்டிய பகுதி என்று சொல்வது, முதல் உரையைக் கவனிக்காமல் இரண்டாவதை மட்டும் கேட்பதாகும்.

சாப்ளினிடம் முதலில் இருந்த முடிவு வேறு. உரையைக் கேட்ட படைவீரர்கள் துப்பாக்கிகளைக் கீழே போட்டுவிட்டு நாட்டுப்புற நடனம் ஆடுவதாக ஒரு காட்சியை அவர் படமாக்கினார். அவருடைய அண்ணன் சிட்னி வண்ணத்தில் எடுத்த துண்டுப் படங்களில் அதைக் காணலாம். அதை அவர் கைவிட்டார். 1940 ஜூனில் பாரிஸ் வீழ்ந்துவிட்டது. ஐரோப்பா இருந்த நிலையில் ஆடும் படைவீரர்களைக் காட்டுவதைவிட, ஒரு மனிதன் நேராக நம் முகத்தைப் பார்த்துப் பேசுவதே நேர்மையானது என்று அவர் முடிவெடுத்ததாக நான் எண்ணுகிறேன். தன் கலையால் இதற்கு மேல் போக முடியாது என்ற இடத்தில் அவர் நகைச்சுவையை நிறுத்தினார்.

உரை குறையற்றது என்று நான் வாதிடவில்லை. நடுவில் அது பொதுக்கருத்துகளாகத் தளர்கிறது. அறிவு நம்மை இரக்கமற்றவராக்கிவிட்டது என்பது போன்ற வரிகளில் வேகம் இருக்கும் அளவுக்குச் சிந்தனை இல்லை. என்னை அதைவிட ஆழமாகத் தொந்தரவு செய்வது இன்னொன்று. உரை முடிந்ததும் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. முன்பு ஹிங்கெலின் உறுமலுக்கு எழுந்த ஆர்ப்பரிப்புக்கும் இதற்கும் ஓசையில் வேறுபாடு இல்லை. பின்னணியில் எழுவது வாக்னரின் ‘லோஹன்கிரின்’ முன்னிசை, அதாவது உலக உருண்டை நடனத்துக்கு ஒலித்த அதே இசை. வாக்னர் ஹிட்லரின் அபிமான இசையமைப்பாளர். சாப்ளின் இதைத் திட்டமிட்டே செய்திருக்க வேண்டும். அந்தக் கூட்டம் உண்மையில் மனம் மாறியதா, அல்லது மேடையிலிருந்து வந்த குரலுக்கு வழக்கம்போல் தலையாட்டியதா என்பதைப் படம் நமக்குச் சொல்வதில்லை. உரையை வெட்டிவிட்டால் இந்தக் கேள்வியும் போய்விடும். ஹிங்கெல் ஒரு கோமாளி என்ற ஆறுதலுடன் மாணவர்கள் வீட்டுக்குப் போவார்கள்.

அந்த உரையை மட்டும் தனியாக வெட்டி, வேறு பின்னணி இசை சேர்த்துப் பரப்பும் வழக்கம் இணையத்தில் இருக்கிறது. உங்கள் மாணவர்களில் பலர் அப்படித்தான் இதை அறிந்திருப்பார்கள். உறுமலும் ஒலிபெருக்கியும் எரிக்கப்படும் முடிதிருத்தும் கடையும் இல்லாமல் அதைக் கேட்டால், உங்கள் நண்பர் சொன்ன பிரசங்கம்தான் எஞ்சும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் இந்தப் படத்தை இடைவெட்டு இல்லாமல் திரையிடுங்கள். எப்போது எடுக்கப்பட்டது, அப்போது உலகுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதைத் தொடக்கத்தில் இரண்டு நிமிடம் சொல்லுங்கள். விவாதத்தில் அந்த இரண்டு ஆர்ப்பரிப்புகளைப் பற்றி மாணவர்களைப் பேசவிடுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.